முள்ளெலி பக்கத்து வீட்டுக்குப் போனது

ஹென்னிங் நாற்பது வருடம் ஓடன்சே நகரப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் ஓய்வு பெற்ற மறு வருடமே மனைவி வீபெக்கெயை நுரையீரல் கைவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, தோட்டம் தெரியும் ஜன்னலோரம் அவள் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தாள்.

"சனிக்கிழமை ஆனா போதும், புல்லோடயே குடித்தனம் பண்றே," என்பாள்.

அதற்காகவே, தானாக ஊர்ந்து புல் வெட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். "இனிமே என் நேரம் பூரா உனக்குத்தான்," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் அது எந்த மூலையில் நிற்கிறது, எவ்வளவு வெட்டியிருக்கிறது என்பதெல்லாம் போனில் தெரிந்தது. பார்க்கப் பார்க்க ஆசை வந்தது. அடுத்து வீடு பெருக்கும் இயந்திரம், அப்புறம் சொன்னால் எரியும் விளக்கு. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் போனில். அவள் எதைச் சொன்னாலும் "ம்" என்பார்.

பிறகு வீபெக்கெ முள்ளெலியோடு பேச ஆரம்பித்தாள். பொழுது சாயும்போது அது வேலிப் புதரிலிருந்து வந்து, தட்டில் வைத்த பூனைத் தீனியைத் தின்னும்.

"மகாராணி வந்தாச்சு. தின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லாம போறா பாரு. அப்படியே உன் ஜாதி!"

"ம்," என்றார் ஹென்னிங்.

புல் வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் அவளுடைய பகல் தூக்கத்தைக் கெடுத்ததால், விடியுமுன் ஓடும்படி மாற்றி வைத்தார். ஜூலையில் ஒரு காலை, அது வேலியோரம் சிக்கி நின்றது. அருகே போனவர் அப்படியே குந்திவிட்டார். முள்ளெலி பயந்து ஓடவில்லை போலும். சுருண்டபடியே அறுபட்டுக் கிடந்தது. பழைய சட்டையில் சுற்றிப் புதைத்தார்.

"பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குப் போயிடுச்சு போல," என்றார் அன்று மாலை. "அங்க புதர் ஜாஸ்தி."

"அப்படியா," என்றாள்.

மூன்று மாலைகள் தட்டை வைக்கச் சொன்னாள். மூன்று மாலைகளும் அவர் போனை எடுக்காமல் அவளோடு ஜன்னலில் காத்திருந்தார். நான்காம் நாள் தட்டை எடுக்கப் போனவரை நிறுத்தினாள்.

"வேணாம், ஹென்னிங். நீ புதைச்சதை நான் பாத்தேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "பின்னே ஏன் தட்டு வைக்கச் சொன்னே?"

"நீயும் கூட உக்காந்தியே." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அதுக்குத்தான்."

அவர் அவள் மடியில் முகம் புதைத்து அழுதார். மறுநாள் இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கினார்.

செப்டம்பர் கடைசியில் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பதினோரு நாள் கட்டிலருகே அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் பேச மூச்சில்லை. அவர்தான் பேசினார், வாயில் வந்ததையெல்லாம். பன்னிரண்டாம் நாள் தனியாக வீடு திரும்பினார்.