ஒரு பல் பூண்டு

கவுஞ்சியில் மேகம் இறங்கினால் எதிர்வீடு காணாமல் போய்விடும். அன்னக்கொடிக்கு அந்த நேரம் பிடிக்கும். யாரும் பார்க்காத பொழுது என்று அந்த ஊரில் ஒன்று உண்டென்றால் அது அதுதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுக்கடுக்கான பூண்டுத் தோட்டங்களின் வழியே மேலேறி ஊற்றுக்கரைக்குப் போய்விடுவாள்.

பாதி வழியில் ஒரு கல் உண்டு. அதில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கால் சொல்பேச்சுக் கேட்காது, நெஞ்சு தடதடக்கும், கண்ணுக்குள் பூச்சி பறக்கும். முப்பது வயதுக்காரி கிழவி மாதிரி குந்திக் குந்திப் போவதைப் பார்த்து, ஊர் அதற்கு அன்னக்கொடிக் கல் என்றே பேர் வைத்துவிட்டது. ஊருக்கென்ன, பேர் வைக்கக் காசா பணமா?

ஊற்றுக்கரையில் மழை அரித்த இடத்து மண், மஞ்சளும் சிவப்புமாக வெண்ணெய் போல வழுவழுவென்றிருக்கும். ஒரு விரல் வழித்து நாக்கில் வைப்பாள். அவ்வளவுதான். உடம்பு லேசாகிவிடும். மழை அவள் வாய்க்குள்ளேயே பெய்து ஓயும். கண்ணை மூடினால் கால்கள் மெல்ல மண்ணுக்குள் இறங்கி, மலைக்கு அடியில் ஓடுகிற தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சோறு அவளுக்கு அப்படி இனித்ததில்லை. பழனிப் பஞ்சாமிர்தம்கூட இனித்ததில்லை, முருகன் மன்னிக்கட்டும்.

தின்றபின் ஒரு பல் பூண்டை மென்றுகொள்வாள். பூண்டுக்கு முன்னால் வேறு எந்த வாசமும் நிற்காது. ஊரே பூண்டு வெள்ளாமை, வாய் மணந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மாமியார் பொன்னுத்தாய்கூட விடிந்ததிலிருந்து ஒரு பல்லைக் கடைவாயில் அதக்கிக்கொண்டுதான் திரிவாள். கேட்டால் வாயுத் தொல்லை என்பாள்.

கரையில் அன்னக்கொடி தொடாத இடங்களிலும் பள்ளம் விழுந்தபடி இருந்தது. காட்டுப்பன்றி நோண்டுகிறது என்று ஊரில் பேச்சு. அவளும் நம்பினாள். பன்றிக்கும் தனக்கும் ஒரே ருசி என்று நினைத்து ஒருநாள் தனியே சிரித்தாள்.

அந்த வருசம்தான் பயறு வந்தது. கொண்டுவந்தது தேவசேனா என்கிற ஆராய்ச்சிக்காரம்மா. மதுரையிலிருந்து பெருமாள்மலை வழியாக ஜீப்பில் வருவாள். நாலைந்து தேசத்து ஆட்கள், விதை தெரிந்தவர்களும் வைத்தியம் தெரிந்தவர்களுமாகச் சேர்ந்து செய்கிற வேலையாம். ஆப்பிரிக்காவில் ஒரு மலைநாட்டில் பொறுக்கியெடுத்த விதையாம். ரத்தத்துக்கு வேண்டிய இரும்பு மற்ற பயறுகளைவிட இதில் கூடுதலாம்.

"பல்லு ஒடஞ்சா யாரு மேடம் கட்டித் தருவா?" என்றாள் பக்கத்து வீட்டு முருகேஸ்வரி. அன்றிலிருந்து அதற்கு இரும்புப் பயறு என்று பேர்.

அன்னக்கொடிக்கு ஆசை வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டியதால், அதையெல்லாம் பூண்டுக்கு அடியுரமாகப் போட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பயறு என்றால் குழம்பு. குழம்பு யாரை என்ன செய்யும்? அதைத் தின்று அந்தக் கல்லில் உட்காராமல் ஒருநாள் மேலேறிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

தேவசேனா தன் செல்போனில் ஒரு படம் காட்டினாள். அந்த மலைநாட்டில், இதே மாதிரி அடுக்குத் தோட்டத்தில், இதே மாதிரி மேகத்துக்கு நடுவே, இடுப்பில் கூடையோடு ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு கல் கிடந்தது. அன்னக்கொடி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு கண் அசந்தால் போதும், அந்தப் பொம்பளை வந்துவிடுவாள். கல்லில் நகர்ந்து இடம் கொடுப்பாள். இருவருக்கும் ஒரு வார்த்தை பொதுவில்லை. இரண்டு மலைகளுக்கும் நடுவில் இருந்த கடல் மேகமாகி, கால் நனையாமல் கடந்துவிடலாம் போல அடங்கிக் கிடக்கும்.

விதை கொடுக்கும் முன் வீடுவீடாக வந்து ரத்தம் எடுத்தார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள். கடைசியில் தேவசேனா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "மண்ணு, சாம்பல், செங்கல் தூள்... இப்படி ஏதாவது சாப்பிடணும்னு தோணுமாக்கா? நிறையப் பேருக்குத் தோணும். தப்பில்ல."

பொன்னுத்தாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மருமகள் மண்ணைத் தின்கிறாள் என்றால் அந்த வீட்டில் சோறு போடவில்லை என்றுதானே ஊர் பேசும்?

"ச்சே, அது சின்னப்புள்ளைக சோலி மேடம்," என்றாள் அன்னக்கொடி.

"எங்க வீட்ல அப்பிடிப்பட்ட ஆளு யாருங்க இருக்கா?" என்று பொன்னுத்தாய் வெடுக்கென்று சேர்த்துக்கொண்டாள்.

பயறு விளைந்தது. குழம்பாகவும் சுண்டலாகவும் வீட்டுக்கு வீடு கொதித்தது. அன்னக்கொடி தட்டு நிறைய வாங்கித் தின்றாள். கல் மட்டும் அவளை விடவில்லை. அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஊற்றுக்கரைக்குப் போய் மண்ணை வழித்தாள்.

அடுத்த முறை ரத்தம் எடுத்துப் பார்த்தபின் தேவசேனா பெண்களைச் சமுதாயக்கூடத்துக்கு வரச் சொன்னாள். வெளியே மேகம் சன்னல்வரை வந்து நின்றது. அவள் முகத்தில் களையே இல்லை.

"இதே மலையில வடகவுஞ்சியிலயும் விதை குடுத்தோம். அங்க எல்லாருக்கும் ரத்தம் ஏறியிருக்கு. இங்க ஏறவே இல்லை. அதே பயறுதான், சமைக்கிற விதமும் அதேதான்."

"வடகவுஞ்சிக்காரிகளுக்கு ஏறிருச்சா!" என்று முருகேஸ்வரி பொருமினாள். ரத்தம் ஏறாததைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

"காரணம் தெரியலைன்னா இந்த ஊர்ல பயறை நிறுத்தணும்னு எங்க குழுவுல சொல்லிட்டாங்க. பயறை நம்ப முடியலைன்னு எழுதணும். அதைப் படிச்சிட்டு மத்த நாடுகள்லயும் தயங்குவாங்க." தேவசேனா கொஞ்சம் நிறுத்தினாள். "மண்ணு சாப்பிட்டா பயறுல இருக்கிற இரும்பை அந்த மண்ணே பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. ரத்தம் குறையக் குறைய மண்ணு மேல ஆசையும் கூடும். அதுக்காகத்தான் கேட்டேன். எல்லாரும் இல்லைன்னு சொல்லிட்டீங்க. சொல்லாததை நானா எழுத முடியாது."

அன்னக்கொடி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்தாள். சொன்னால் பொன்னுத்தாயின் வீட்டு மானம் இந்தக் கூடத்திலேயே போகும். சொல்லாவிட்டால் பயறு போகும், கல் அவள் பேரோடு அங்கேயே கிடக்கும். கண்ணை மூடினாள். படத்தில் பார்த்த கூடைக்காரி வந்தாள். தன் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவே இல்லை. பாவம், அவளுக்கு யார் போய்ச் சொல்வது?

அன்னக்கொடி எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் திங்கிறேன் மேடம். ஊத்துக்கரை மண்ணு. தெனமும்."

பொன்னுத்தாய் விருட்டென்று எழுந்தாள். அறைதான் விழப்போகிறது என்று அன்னக்கொடி கன்னத்தை இறுக்கிக்கொண்டாள். மாமியார் அவளைப் பார்க்கவே இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெற்றிலைக்காரி பாக்கு முடிகிற மாதிரி முடிந்து வைத்திருந்த முடிச்சு. அதிலிருந்து இரண்டு பல் பூண்டும், மஞ்சளும் சிவப்புமாக ஒரு மண்கட்டியும் தரையில் விழுந்தன.

"எம் மருமகளுக்கு எங்க வீட்ல சோத்துக்குக் கொறச்சல் இல்ல," என்றாள் கூடத்துக்கே கேட்கும்படி. "எனக்கும் கொறச்சல் இல்ல. இருந்தும் திங்கிறோம். இப்ப என்னங்கிறீக?"

முருகேஸ்வரி மெல்லத் தன் முந்தானையைக் கையில் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கதவு சாத்திய கூடத்தில் பூண்டு வாசம் ஆளைத் தூக்கியது. பிறகு யாரோ களுக்கென்று சிரிக்க, "அடியே, அப்ப அந்தக் காட்டுப்பன்னி நீதானா?" என்று ஒருத்தியை ஒருத்தி இடிக்க, கூடமே சிரித்தது. தேவசேனா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இன்னொரு வெள்ளாமை பார்க்கலாம், மண்ணை மட்டும் விட்டுப் பாருங்கள் என்றாள்.

விடுவது லேசா? வீட்டுக்குப் போகிற வழியில் மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடுப்படிக்கு வந்தபின்தான் பொன்னுத்தாய் வாயைத் திறந்தாள்.

"எத்தன நாளாத்தா?"

"கல்யாணமாகி வந்ததுலருந்து அத்த."

"நானும் அப்பிடித்தான்," என்றாள் பொன்னுத்தாய். மேகம் இறங்குகிற பொழுதெல்லாம் ஒருத்திக்கு இன்னொருத்தி காவல் என்று ஏற்பாடாயிற்று. நாக்கு ஊறினால் ஒரு கை பயறை வறுத்து மெல்லுவது. சிடுசிடுப்பும் சண்டையும் கூடவே வந்தன. வீட்டில் என்ன நடக்கிறதென்று புரியாமல் அன்னக்கொடியின் புருசன் வேலுமணி வெள்ளனே காய்கறி வேனை எடுத்துக்கொண்டு தப்பித்தான்.

அடுத்த பயறு காய்க்கிற சமயம் பெரிய மழை பெய்து வெறித்தது. ஊற்றுக்கரை புதிதாகச் சரிந்திருக்கிறது என்று சொன்னார்கள். அன்னக்கொடியால் தாங்க முடியவில்லை. காவலை ஏமாற்றிவிட்டு, மேகத்துக்குள் புகுந்து ஏறினாள்.

கரை பிளந்து, மண் பளபளவென்று ஈரமாக நின்றது. விரலால் வழித்தாள். கண்ணை மூடி நாக்கில் வைத்தாள். காத்திருந்தாள்.

பல்லில் நறநறத்தது. தொண்டையில் கரித்தது. கால் எங்கும் இறங்கவில்லை, செருப்புக்குள்ளேயே நின்றது. இன்னொரு விரல் வைத்துப் பார்த்துத் துப்பினாள். அவ்வளவு காலம் கூடவே இருந்த ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது போலிருந்தது. அழுகை வந்தது. அழுதாள்.

"ஏத்தா அன்னக்கொடி!" கீழே மேகத்துக்குள்ளிருந்து பொன்னுத்தாயின் குரல் வந்தது. "ஒன்னையக் கல்லுல காணமே, எங்கத்தா இருக்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். கல் எங்கோ கீழே இருந்தது. எப்போது கடந்தாள் என்றே நினைவில்லை.

"மேலதான் இருக்கேன் அத்த!"

பொன்னுத்தாய் நிதானமாக ஏறி வந்தாள். மருமகளின் விரலைப் பார்த்தாள், ஈரக் கன்னத்தைப் பார்த்தாள். திட்டவில்லை.

"எப்பிடி இருக்கு?"

"மண்ணாத்தான் இருக்கு அத்த."

பொன்னுத்தாய் முந்தானையால் அவள் விரலைத் துடைத்துவிட்டாள்.

"எனக்குப் போன வாரமே அப்பிடி ஆயிப்போச்சுத்தா," என்றாள். "சொன்னா நீ அழுவியேன்னு சொல்லல."