கொத்தில் ஆறு சாவி

1938 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்தபின், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சர் வண்டியில் நான்கு பெண்களும் ஓர் ஆணும் ஏறினார்கள். ஜெயத்துக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் வீட்டைப் பார்த்து வரப் போனார்கள்.

ஜெயத்துக்கு இருபது வயது. தாய் லூர்துமேரியோடு ரயிலடிக்குப் பின்னால் இருந்த மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கிடங்கில் வேலை செய்தாள். நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கல்லையும் சொத்தையையும் தள்ளி, நல்ல பருப்பைக் கூடையில் சேர்ப்பார்கள். அவர்களில் எழுத்து தெரிந்தவள் ஜெயம் மட்டும்தான். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். அதனால் டிசம்பர் மாதத்திலிருந்து அவளுக்கு வேறு வேலை ஏற்பட்டது. தூணில் சாய்ந்துகொண்டு அவள் கதைப்புத்தகம் வாசிப்பாள். வேலை முடிகிற நேரத்தில் ஆளுக்கு ஒரு கைப்பிடிப் பருப்பை அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். மேஸ்திரி வந்து பார்க்கும்போது அவள் கூடையும் நிறைந்திருக்கும்.

புத்தகத்தின் பெயர் ‘கனகாங்கி அல்லது ஏழாவது சாவி’, முதல் பாகம். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன ஆசிரியை ஒருத்தி ஜெயத்திடம் விட்டுப்போனது. மனைவியை இழந்த மகேந்திர பூபதி என்ற ஜமீன்தார், கனகாங்கியை மணந்து ஏரிக்கரையில் இருக்கும் தன் மாளிகைக்கு அழைத்துவருகிறான். மாளிகையில் ஏழு அறைகள். அவள் கையில் ஆறு சாவிகளை மட்டும் கொடுக்கிறான். ஏழாவதைக் கேட்டால், ‘வேளை வரும்போது சொல்வேன், கண்ணே’ என்கிறான். பூட்டிய அறைக்குள்ளிருந்து அவ்வப்போது வீணைச் சத்தம் வருகிறது. நடுநடுவே, பூசணிக்காயைக் கண்டால் பயந்து ஓடும் சமையற்காரன் ஒருவன் வந்து சிரிக்க வைக்கிறான்.

வாசிப்பு தொடங்கியதும் கிடங்கு வேறோர் இடமாகிவிடும். கூரையில் பதித்த கண்ணாடி வழியாக விழும் வெயிலில் பருப்பின் தோல் சிவப்புத் தூளாக மிதந்துகொண்டிருக்கும். பூபதி பேசும்போது அத்தனை ஜோடிக் கைகளும் முறத்தின் மேலேயே நின்றுவிடும். சமையற்காரன் வந்தால் மறுபடி வேகம் பிடிக்கும். மேஸ்திரி இதைக் கவனித்து, “அந்தப் பூசணிக்கா ஆளையே படிம்மா, வேலையாவது ஆவும்” என்று இரண்டு முறை சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சின்னபொண்ணுவுக்கு முதல் நாளிலிருந்தே பூபதியைப் பிடிக்கவில்லை. “மொத பொண்டாட்டியக் கொன்னு உள்ள வச்சிருக்கான். நீ எத்தினி வாட்டி படிச்சாலும் அதான்” என்றாள்.

“கொன்னவன் வீணை வாசிப்பானா?” என்றாள் அவளுக்கு எதிரே உட்காரும் கோவிந்தம்மாள். “உள்ள போய் அழுதுகினு இருக்கான்டி. என் ஊட்டுக்காரரு எனக்காவ ஒரு நாளு அழுதிருந்தா, ஏழு சாவியும் வாணாம்னு குந்தியிருப்பேன்.”

“உன் ஊட்டுக்குக் கதவே கெடையாது. சாவிக்கு எங்க போறது?”

கடைசிப் பக்கத்தில், தூங்கும் கணவனின் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கனகாங்கி அந்த அறைக்கு முன்னால் போய் நிற்கிறாள். அவள் தொடுவதற்கு முன்பே கதவு உள்ளிருந்து திறக்கிறது. அத்துடன் முதல் பாகம் முற்றும். இரண்டாம் பாகம் திண்டிவனத்தில் யாரிடமும் இல்லை. அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் ஜெயம் பதினொரு தடவை வாசித்தாள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தி, இந்த முறை இன்னும் ஒரு வரி இருக்கும் என்பதுபோல, பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னாள்.

அந்த வாரத்தில்தான் விழுப்புரத்துச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இருதயராஜ், ஜங்ஷனில் சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி ஏற்றுகிறவர். மனைவி இருதயமேரி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. பெண் பார்க்க வந்த அன்று நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கியது. அவர் போனபின் அந்தச் சாவிகளின் சத்தம் மட்டும் ஜெயத்துக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அது பயமா, வேறெதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பூபதியின் பக்கங்களை வாசிக்கும்போதும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

கிடங்கில் விஷயம் தெரிந்ததும் சின்னபொண்ணு முறத்தைக் கீழே வைத்தாள். “பொண்டாட்டி செத்தவன். சிரிக்கமாட்டான். சாவிக்கொத்து வச்சிருக்கான். ஏ லூர்து, நீயும் இத்தினி நாளு கேட்டுக்கினுதானே இருந்த?”

லூர்துமேரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்று முழுவதும் அவள் கூடையில் சொத்தைப் பருப்பே விழுந்தது.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீடும் ஆளும் மனதுக்குப் பிடித்தால்தான் அங்கே கை நனைப்பார்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்க முடியாது. பெண் கூடப் போவது வழக்கமில்லை. ஆனால் ஜெயம், “நானும் வர்றேன். பூட்டு எதுனா இருக்குதான்னு நானே பாத்துக்கறேன்” என்றாள். சின்னபொண்ணும் கோவிந்தம்மாளும் துணைக்குக் கிளம்பினார்கள். ஆண்துணை, லூர்துமேரியின் தம்பி அப்பாதுரை. மாட்டு வண்டி ஓட்டுகிறவர், கிடங்குப் பக்கமே வராதவர், கதையில் ஒரு வரியும் அறியாதவர்.

வண்டி போகும்போது இன்னும் பனி விலகவில்லை. மயிலம் குன்று வெள்ளைக்குள் கரைந்து, மேலே கோபுரம் மட்டும் காலில்லாமல் நின்றது. நெற்கதிர் சாய்ந்த வயல்கள், பனைகள், மறுபடி வயல்கள். எங்காவது ஏரி தெரிந்தால் சின்னபொண்ணு எழுந்து நின்று கரையைப் பார்த்தாள். ஜெயம் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள். தன்னைத் தவிர யாரோ ஒருத்தியைக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போகிறார்கள், தான் அதை வாசித்துக்கொண்டு மட்டும் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

“இன்னாத்துக்கு எல்லாம் சாவுக்குப் போற மாதிரி குந்தினு இருக்கீங்க?” என்றார் அப்பாதுரை.

இருதயராஜின் வீடு, தண்டவாளத்தை ஒட்டிய வரிசையில் ஒரே அறையும் ஓர் அடுப்படியும். மாளிகை இல்லை என்பதில் சின்னபொண்ணுவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதன் மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. துணிக்குக் கீழே பூட்டு.

பக்கத்து வீட்டில் சமைத்த கோழிக்குழம்பு வந்தது. ஐந்து இலைகள் விரித்துச் சோறும் போட்டாயிற்று. ஆவி எழுந்தது. அப்பாதுரை உட்காரப் போனார்.

“மாமா, இருங்க” என்றாள் ஜெயம்.

சின்னபொண்ணு இருதயராஜின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. பிறகு கோவிந்தம்மாளின் காதருகே, எல்லாருக்கும் கேட்கும்படி, “ஆறு” என்றாள்.

“இன்னா ஆறு?” என்றார் அப்பாதுரை.

“கொத்துல ஆறு சாவிதான் இருக்குது.”

“இருக்கட்டுமே. அதுக்கும் கோழிக்கும் இன்னா?”

கோவிந்தம்மாள் மெல்லக் கேட்டாள். “தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க. இதெல்லாம் எதெதுக்குச் சாவிங்க?”

இருதயராஜுக்குக் கேள்வி விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். விளக்கு அறை. எண்ணெய் அறை. வடக்குக் கோடி விளக்குப் பெட்டி. தெற்குக் கோடிப் பெட்டி. வீடு. அலமாரி.

“அந்த டிரங்குக்கு?” என்றாள் சின்னபொண்ணு.

“அதுக்குச் சாவி இல்லீங்க.”

லூர்துமேரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயம் கையை விடுவித்து ஓரடி முன்னால் வந்தாள். அதுவரை அவரிடம் அவள் நேரில் பேசியதில்லை.

“உள்ள இன்னா இருக்குது?”

வேளை வரும்போது சொல்வேன் என்ற பதிலுக்காக நான்கு பெண்களும் காத்திருந்தார்கள்.

“எனக்குத் தெரியாது” என்றார் இருதயராஜ். “மேரியோட பொட்டி. அம்மா ஊட்லேர்ந்து கொண்டாந்தா. சாவியத் தாலிக்கயித்துலதான் கோத்து வச்சிருப்பா. அவ போனப்ப யாருக்கும் நெனப்பு வரல. கயித்தோட வச்சு அடக்கம் பண்ணிட்டாங்க.”

வெளியே ஒரு சரக்கு வண்டி நீண்ட நேரம் போயிற்று. இலைகள் நடுங்கின.

“பூட்ட ஒடைக்கலாமே” என்றாள் சின்னபொண்ணு. குரல் முன்புபோல் இல்லை.

“ஒடைக்கலாம். எனக்குக் கை வரல.” அடுப்படிக்குப் போய் ஒரு சுத்தியலைக் கொண்டுவந்து ஜெயத்தின் முன்னால் தரையில் வைத்தார். “நீங்க ஒடைச்சிப் பாக்கறதுன்னா பாருங்க. நான் வெளிய நிக்கறேன்.” சொன்னபடி வாசலுக்குப் போய், முதுகைக் காட்டி நின்றார்.

சின்னபொண்ணு சுத்தியலைப் பார்த்தாள். கோவிந்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒரு மாதமாக மூடிய கதவுக்கு முன்னால் நின்றவர்கள். திறக்கிற கருவி இப்போது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

ஜெயம் சுத்தியலைத் தாண்டிப் போனாள். முதல் இலையின் முன் உட்கார்ந்தாள். தண்ணீர் எடுத்துக் கையை நனைத்தாள். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு கவளம் வாயில் வைத்தாள்.

“அடிப் பாவி, பெரியவங்க நாங்க இருக்கறப்பவா?” என்றாள் லூர்துமேரி.

“ஆறிப்போவுதும்மா” என்றாள் ஜெயம்.

அப்பாதுரை மறுவார்த்தை இல்லாமல் அடுத்த இலையில் உட்கார்ந்தார். வாசலில் நின்றவர் பாத்திரச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தது வேறு சத்தமாக இருந்திருக்க வேண்டும்.

திரும்பும் வண்டி விக்கிரவாண்டியைத் தாண்டியது. “ஒரு தட்டு தட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்” என்றாள் சின்னபொண்ணு.

“முடிஞ்சிருக்கும்” என்றாள் ஜெயம்.

ஜனவரி 23, 30, பிப்ரவரி 6 ஆகிய மூன்று ஞாயிறுகளிலும் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப்பட்டது. தடை சொல்ல யாரும் வரவில்லை. பிப்ரவரி 9, புதன்கிழமை, கல்யாணம் நடந்தது. ஜெயம் புத்தகத்தைக் கிடங்கில் விட்டுவிட்டு விழுப்புரம் போனாள். கிடங்கில் வாசிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. விழுப்புரம் வீட்டில் பெட்டி அதே மூலையில், பூட்டியபடி இருந்தது.