உச்சுக் கொட்டக் கூடாது

லெபனானின் எல்-மீனா துறைமுகத்தில் கயிறும் படகுப் பெயின்ட்டும் விற்கிற மித்ரிக்கு ஈஸ்டர் முடிந்த கையோடு இடது கீழ்க் கடைவாய்ப் பல் கெட்டுப்போனது. அதை அவர் ஒப்புக்கொள்ள மே மாதம் முடிய வேண்டியிருந்தது. அதுவரை கிராம்பை வைத்து அழுத்திப் பார்த்தார். அராக் சாராயத்தை வாயில் அதக்கிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தார். வலி போகவில்லை, வலியைப் பற்றிய கவலை மட்டும் கொஞ்ச நேரம் போயிற்று. மாதா கோயிலில் மெழுகுவர்த்தியும் ஏற்றினார். கடைசியில் ஒரு காலை கன்னம் ஆரஞ்சுப் பழம் போல உப்பிக்கொண்டபோது, மனைவி ஓதெத் அவரைக் கேட்காமலேயே பல் டாக்டருக்கு போன் போட்டுவிட்டாள். மாத்திரையில் வீக்கம் வடியட்டும், வெள்ளிக்கிழமை பிடுங்கிவிடலாம் என்று பேசி முடித்தாயிற்று.

"வயிறு நெறயச் சாப்பிட்டு வரச் சொன்னாங்க," என்றாள் ஓதெத்.

"தூக்குல போடுறவனுக்கும் அப்படித்தான் சொல்வாங்க," என்றார் மித்ரி. ஆனாலும் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் அவித்த மொச்சை ஒரு தட்டு, முட்டை மூன்று, பாலாடைக்கட்டி, ஆலிவ், ரொட்டி எல்லாம் வலதுபக்கப் பற்களிடம் மட்டும் வேலை வாங்கிக்கொண்டு உள்ளே போயின. பிறகு அறைக்குள் போனவர், மகள் நதீனின் ஞானஸ்நானத்துக்குத் தைத்த கோட்டையும் வெள்ளைச் சட்டையையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மகளுக்கு இப்போது இருபது வயது. கோட்டின் பொத்தான்கள் அதைச் சொல்லின.

"இதென்ன, யாரு கல்யாணம்?" என்றாள் ஓதெத்.

"போறதா இருந்தா கவுரவமாப் போகணும்."

"வெள்ளைச் சட்டையில ரத்தம் பட்டா யாரு தொவைக்கிறது? போய்க் கறுப்பு பனியனைப் போடு."

மித்ரி மகள் பக்கம் திரும்பினார். "நதீன், எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கடலைப் பாத்தாப்புல பொதைங்க."

"பல்லைத்தானே பாபா பிடுங்குறாங்க? சரி, அதையே கடலைப் பாத்தாப்புல பொதைச்சிடுவோம்."

டாக்டர் ஹில்டா மித்ரியின் தோள் உயரம்தான் இருப்பார். ஆனால் மணிக்கட்டைப் பார்த்தால் நங்கூரம் இழுக்கிறவர் மாதிரி இருந்தது. ஊசி போட்டுக் கன்னமும் உதடும் மரத்துப்போனதும், "இப்ப சத்தம் கேக்கும், அழுத்தம் தெரியும், வலி தெரியாது," என்றார். மித்ரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தனக்குத் தெரிந்த புனிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். தாடைக்குள் யாரோ பழைய கதவைத் திறப்பது போல ஒரு சத்தம் வந்தது. கூப்பிட வேண்டிய புனிதர்கள் இன்னும் பாதிப்பேர் மிச்சமிருந்தபோது டாக்டர், "எழுந்திரிங்க," என்றார்.

"ஆளம்பிக்கலயா?" என்றார் மித்ரி, மரத்த உதட்டோடு.

"முடிஞ்சே போச்சு."

தட்டில் அவருடைய பல் இரண்டு காலையும் விரித்துக்கொண்டு கிடந்தது. இவ்வளவு சின்னதா? மித்ரிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அடுத்த நொடியே சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. டாக்டரைக் கட்டிப்பிடிக்கப் போனார். டாக்டரோ அவர் வாய்க்குள் பஞ்சைத் திணித்து, கடிக்கச் சொல்லி, உட்கார வைத்தார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. குழியில ரத்தம் உறைஞ்சு மூடி போட்டிருக்கு. அது பேந்துச்சுன்னா, இத்தனை நாள் பட்ட வலியெல்லாம் வெறும் கொசுக்கடின்னு தோணும். அதனால துப்பக் கூடாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. ஹுக்கா கூடவே கூடாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உச்சுக் கொட்டவும் கூடாது. அதுவும் உறிஞ்சுறதுதான்," என்றார்.

ஓதெத் நாற்காலியிலிருந்து மெதுவாக நிமிர்ந்தாள். "எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"ஒரு மூணு நாள்."

நம் பக்கத்தில் பரிதாபப்பட உச்சுக் கொட்டுவோம். எல்-மீனாவில் அதே சத்தத்துக்கு 'முடியாது' என்று பொருள். மித்ரியின் வீட்டில் அந்தச் சத்தம்தான் சட்டம். புது மேசை வாங்கலாமா? உச். நதீன் தோழிகளோடு மலைக்குப் போகட்டுமா? உச். காரணம் சொல்லவும் வேண்டாம், வாயைத் திறக்கவும் வேண்டாம். நாக்கு மேலே ஒட்டிப் பிரிந்தால் போதும், வழக்கு தள்ளுபடி.

வீட்டுக்கு வந்ததும் ஓதெத் ஐஸ் கட்டிய துணியைத் தாடையைச் சுற்றி, தலைக்கு மேலாகவும் நெற்றிக்குக் குறுக்காகவும் இழுத்துக் கட்டினாள். பிறகு விருந்தாளிகளுக்கு மட்டுமே திறக்கிற முன்னறையின் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னைக்கு இந்தப் பெரிய சோபாவுல படுக்க வைக்கிறேன், என்ன? பிளாஸ்டிக் உறையையும் கழட்டிடலாம்."

நாக்கு மேலே கிளம்பியது. மித்ரி நடுவழியில் பிடித்து நிறுத்தினார். புருவத்தை உயர்த்தினார், அதற்கும் 'முடியாது' என்றுதான் பொருள். புருவம் துணிக்குள் போய் மறைந்தது, யாரும் பார்க்கவில்லை.

"சரின்னுட்டாரு," என்றாள் நதீன்.

உறை உரிகிற சத்தம் பட்டாசு மாதிரி கேட்டது. அம்மாவும் மகளும் சோபாவில் விழுந்து சிரித்தார்கள். மித்ரிக்கு வலப்பக்கம் சிரிப்பு வந்தது. இடப்பக்கம் மரத்துக் கிடந்தது.

மறுநாள் மரப்பு போய்ப் பேச்சு வந்துவிட்டது. இனி கவலையில்லை என்று கிண்ணத்தில் ஐஸ்கிரீமை வழித்துக்கொண்டிருந்தபோது, ஓதெத்தின் தம்பி நவ்ஃபல் வந்தான். அக்காவும் தம்பியும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிவிட்டு ஒன்றாக வந்து எதிரே நின்றார்கள்.

"மச்சான், நாளைக்கு உன் படகைக் குடு. எல்லாரும் முயல் தீவுக்குப் போய்ட்டு வரோம்."

"முடியாது," என்றார் மித்ரி, வாயால்.

"ஏன்?"

அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. உச்சுக் கொட்டினவனிடம் ஏன் என்று கேட்க எங்கே இடம்? இப்போது பதில் வாய்ச்சொல்லாக வந்துவிட்டதால் 'ஏன்' என்பதும் கூடவே வந்துவிட்டது.

"படகு... பழசு."

"போன மாசம்தானே எஞ்சின் மாத்தின?"

"காத்து அடிக்கும்."

"ஜன்னல்ல பாரு. கடல் தட்டுல ஊத்துன எண்ணெய் மாதிரி கெடக்கு."

மித்ரி பார்த்தார். அப்படித்தான் கிடந்தது. ஐஸ்கிரீம் கரண்டியை நக்கிக்கொண்டே மனதுக்குள் காரணம் தேடினார். உள்ளே ஒரு காரணம்கூட இல்லை. இத்தனை வருஷமும் இருந்ததில்லையோ என்று நினைத்தபோது அவருக்கே வேடிக்கையாகிவிட்டது.

"சரி," என்றார். "ஆனா நானும் வருவேன்."

"நான்தான் ஓட்டுவேன்!" என்று உள்ளேயிருந்து நதீன் கத்தினாள்.

"ஏன்னு கேளு மச்சான்," என்று நவ்ஃபல் காதருகே குனிந்தான். "இப்ப உன் முறை."

ஞாயிற்றுக்கிழமை மித்ரி முன்பக்கத்துப் பலகையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நதீன் படகைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்தாள். முதல் வளைவில் ஒரு மிதவையை முழ இடைவெளியில் இடிக்காமல் தாண்டினாள். இரண்டாவது வளைவில் அவர் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். திறந்த கடலுக்கு வந்ததும் அவள் வேகத்தைக் கூட்டினாள். படகு அலைமேல் குதிக்க, ஓதெத் சின்னப்பெண் மாதிரி கூவினாள். "மெதுவாப் போம்மா, என் மூடி பேந்துடும்!" என்று மித்ரி கத்தினார். அதைக் கேட்டு மூவரும் சிரித்த சிரிப்பில் அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டியதாயிற்று.

தீவில் நவ்ஃபல் மீன் சுட்டான். மித்ரிக்கு மசித்த உருளைக்கிழங்கும் தயிரும். சுட்ட மீனின் வாசனை வந்து வந்து அவர் மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது. நவ்ஃபல் ஒவ்வொரு துண்டையும் அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, "அடடா, மொறுமொறுன்னு இருக்கு மச்சான்," என்று சொல்லிச் சொல்லித் தின்றான்.

சாப்பிட்டு முடித்ததும் ஓதெத் பாறை நுனிக்குப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கடலில் இறங்கியதேயில்லை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி மித்ரியின் மடியில் போட்டாள், உடுத்திய கவுனோடு குதித்தாள்.

"ஓதெத்!"

தலை வெளியே வந்தது. முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. "வா மித்ரி! உப்புத் தண்ணி புண்ணுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்வாங்க. இங்க எவ்வளவு வேணும்?"

மித்ரி செருப்பைக் கீழே வைத்தார். கறுப்பு பனியனோடு, வாயை இறுக்க மூடி, கன்னத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு, பாறைச் சரிவில் பின்பக்கமாகவே சறுக்கி விழுந்தார். தண்ணீர் எழுந்து நவ்ஃபலின் மீன்தட்டை நனைத்தது. கழுத்தளவு தண்ணீரில் ஓதெத் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். வாயைத் திறக்க முடியாததால் அவர் மூக்கால் சிரித்தார். சிரிப்பு குமிழி குமிழியாக வந்தது.

வெயில் சாய்ந்ததும் நதீன்தான் திருப்பி ஓட்டினாள். மித்ரி ஈரத்தோடு ஓதெத்தின் மடியில் தலை வைத்து, வாயைத் திறந்தபடி குறட்டை விட்டார். நவ்ஃபல் குனிந்து குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, மூடி பத்திரமா இருக்கு."

"அவரை எழுப்பாதடா," என்றாள் ஓதெத், முடியைப் பிழிந்துகொண்டே. "நதீன், இன்னும் ஒரு சுத்து சுத்திட்டுப் போவோம்."