மலையின் சுவர்ப்பக்கம்

தவசிமுத்துவின் மனைவி கனகமணி செவ்வாய்க்கிழமை காலை வண்டியேறி மலைக்கு அந்தப் பக்கம் போனாள். மலை அவர்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. வண்டியும் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டையில் இருந்த அந்த வீட்டின் முன்னறையை ஒரு பிளைவுட் மேசை அடைத்துக்கொண்டிருந்தது. மேசைமேல் ஒரு பொம்மை ரயில், அதற்குத் தண்டவாளம், ஸ்டேஷன், வயல், வாய்க்கால், ஒரு மலை, மலைக்குள் ஒரு குகைப்பாதை. எல்லாம் தவசிமுத்து கையால் செய்தவை. மரத்தூளுக்குச் சாயம் ஏற்றிப் புல் முளைக்க வைத்தார். தேங்காய் நாரைப் பிரித்து மரம் செய்தார். ஸ்டேஷன் சுவர் பழசாகத் தெரிய டீத்தண்ணி பூசினார். மனிதர் பொறுமையில் மன்னன். நெல்மணி அளவில் ஒரு குழாய் செய்து அதில் தண்ணீர் சொட்டவைக்கச் சொன்னாலும் செய்துவிடுவார். சமையலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்தச் சொன்னால்தான் கை வராது.

கனகமணி ரொம்ப நாளாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "உள்ள போற வண்டி எங்க போவுது?"

"எங்கயும் போகாது. சுத்தி வந்துரும்," என்பார் தவசிமுத்து.

அவள் எப்படி ஏறினாள் என்பதில் புதிர் ஒன்றும் இல்லை. வண்டி நின்றது. அவள் காபி டம்ளரை ஸ்டேஷன் கூரைமேல் வைத்துவிட்டு, சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெட்டியில் ஏறினாள். ஜன்னலோரம் கிடைத்தது. வண்டி குகைக்குள் போயிற்று. திரும்பி வந்தபோது ஜன்னலோரம் காலியாக இருந்தது.

தவசிமுத்து இன்னொரு சுற்று விட்டுப் பார்த்தார். அப்புறம் இன்னொன்று. பிறகு அவருக்குப் பயம் வந்தது.

ஸ்டேஷன் கோடியில் எதிர்வீட்டுச் சங்கரபாண்டியன் நின்றுகொண்டிருந்தார். அவர் பொங்கலுக்குப் பிறகு ரயிலுக்குச் சிக்னல் காட்டும் கைகாட்டி மரம் ஆகிவிட்டார். அவர் மனைவி தினமும் வந்து பேனாவுக்கு மை போடும் குழாயால் அவருக்குக் காபி ஊற்றிவிட்டுப் போவாள். உயரமாக நின்றதால் அவருக்கு மலையின் இரண்டு பக்கமும் தெரிந்தது. கை இறங்கியிருக்கும்போது மட்டும் பேசுவார்.

தவசிமுத்து விசையைத் தட்டினார். கை இறங்கியது.

"கனகம் எங்க?"

"இறங்கிட்டாங்க அண்ணாச்சி."

"அந்தப் பக்கம் ஸ்டேஷனே கிடையாதே."

"கிடையாதுதான். இருந்தாலும் இறங்கிட்டாங்க."

"எப்ப வாராளாம்?"

"உக்கார ஒரு எடம் வேணுமாம். மத்தத பொறவு யோசிக்கலாம்னாங்க."

கை தானாக ஏறிக்கொண்டது.

அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்பது உண்மைதான். மேசை சுவரை ஒட்டிக் கிடந்தது. மலையின் முதுகு சுவரைப் பார்த்திருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று தவசிமுத்து அதை முடிக்காமல் விட்டிருந்தார். இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள். முன்பக்கத்துக்குப் பிளாஸ்டர், பாறை, புல். பின்பக்கத்துக்குக் கம்பிவலையும், பசையில் நனைத்து ஒட்டிய பழைய பேப்பரும். சுவருக்கு மறுபுறம் சமையலறை.

அவர் குனிந்து குகை வாசலில் வாயை வைத்துக் கூப்பிட்டார். "கனகம், வண்டிய அனுப்புதேன். ஏறி வந்துரு."

அவள் குரல் சாவகாசமாக வந்தது. "பேப்பர் வாசிச்சிட்டு இருக்கேன்."

"எந்தப் பேப்பர்?"

"காலடியில இருக்கிறதுதான். பாதிச் செய்திதான் இருக்கு. மீதி மலைக்குள்ள போயிருச்சு."

"கோவமா?"

"இல்லங்க. கால் வலிக்குது."

கோபம் என்றாலாவது சமாதானம் சொல்லலாம். கால்வலிக்கு என்ன சொல்வது? தவசிமுத்து பசை, பிளாஸ்டர், மரத்தூள், நார், மரக்கட்டை, இடுக்கி, டேப், சின்ன ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டார். மேசையைச் சுவரிலிருந்து இழுத்தார். ஒரு சாண் இடைவெளி விழுந்தது. ஒருக்களித்து உள்ளே நுழைந்தார்.

இடைவெளி நீளமாக இருந்தது. அவர் நடந்தார். இடது கைப்பக்கம் சுவர் வந்துகொண்டே இருந்தது, வலது கைப்பக்கம் மேசை. மதியம் ஆயிற்று. சுவருக்கு அப்பால் யாரோ தாளிக்கும் வாசனை வந்தது. அவர் வீட்டில் தாளிக்க வேறு ஆள் கிடையாது. அதை அவர் விசாரிக்கவில்லை. நடக்க நடக்க மேசை உயர்ந்தது, பிறகு தலைக்குமேல் போயிற்று, பிறகு மேசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எதிரே மலை நின்றது.

கனகமணி சரிவில் பேப்பர்மேல் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். அவரைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"நானும் இல்ல."

அந்த இடம் எப்படிக் கிடக்கிறது என்று அவர் அப்போதுதான் பார்த்தார். கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. நிழல் மருந்துக்கும் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இவ்வளவு மோசமா இருக்கும்னு நினைக்கல," என்றார்.

"நீங்க இந்தப் பக்கம் வந்ததே இல்லையே," என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

அவர் வேலையைத் தொடங்கினார். கம்பி முனைகளை மடக்கினார். பிளாஸ்டரைக் குழைத்துப் பூசி, காய்வதற்குள் விரலால் கீறிப் பாறை வெடிப்புகளை உண்டாக்கினார். பசையைக் கரைத்துத் தெளித்து அதன்மேல் மரத்தூளைச் சலித்தார். முன்பக்கத்தில் எல்லாப் புல்லும் ஒரே பச்சை. இங்கே நிழல் விழும் இடத்துக்குக் கருத்த பச்சையும், இன்ஜின் புகை படும் இடத்துக்குக் காய்ந்த பச்சையும் வைத்தார். நாரைப் பிரித்து ஒரு வேம்பு செய்து நட்டார். அதில் பூ இருந்தது. அவர் பூ வைக்கவில்லை. ஆனாலும் இருந்தது. பேப்பர் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. கனகமணி கடைசி வரியை வாசித்து முடித்துவிட்டுக் காலை நகர்த்திக்கொண்டாள்.

"பெஞ்சு வேணும்லா?"

"வேணும்."

"எவ்வளவு அகலம்?"

"எனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

தவசிமுத்து டேப்பை எடுத்து அவளை அளந்தார். இத்தனை வருஷத்தில் அவர் வண்டி ஜன்னலை அளந்திருக்கிறார், தண்டவாளக் கட்டையை அளந்திருக்கிறார், அவளை அளந்ததில்லை. நினைத்திருந்ததைவிட ஒடுங்கலாக இருந்தாள். டேப்பை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழைகூடக் கூட்டாமல் குறைக்காமல் கட்டையை அறுத்தார், இழைத்தார், கால் வைத்தார். அவர் செய்ததிலேயே அதுதான் உயர்ந்த வேலை. யார் பார்த்தாலும் சொல்வார்கள். அங்கே பார்க்க யாரும் இல்லை.

கனகமணி உட்கார்ந்தாள். நீளமாக மூச்சு விட்டாள். காலை நீட்டி நிழலில் வைத்துக்கொண்டாள்.

வண்டி குகையிலிருந்து வந்து நின்றது.

"வா கனகம். வீட்டுக்குப் போவோம்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள், பூவை அண்ணாந்து பார்த்தாள்.

"இப்ப எதுக்குங்க?" என்றாள். "நல்லாத்தான இருக்கு."

வண்டி போய்விட்டது. அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

"தள்ளி நின்னு அழுங்க," என்றாள் கனகமணி. "புல்லுல பசை இன்னும் காயல."

அவர் தள்ளி நின்று அழுது முடித்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"அப்ப நானும் இங்கனயே இருக்கேன்."

"இருங்க. யாரு வேண்டாம்னா?"

சொல்லிவிட்டு அவள் ஓரமாக நகரப் பார்த்தாள். நகர இடமில்லை. அவர் ஒருக்களித்து உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. பெஞ்சு ஓர் ஆளுக்குத்தான். இன்னொன்று செய்யலாம் என்று பையைத் துழாவினார். பையில் கட்டை இல்லை. எல்லாவற்றையும் அளவாகத்தான் கொண்டுவந்திருந்தார்.

அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். பொழுது சாயாமல் அப்படியே இருந்தது. அடுத்த வண்டி வந்தது, நின்றது, போயிற்று.

"கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"வலிக்குது."

"கொஞ்ச நாள் வலிக்கும்," என்றாள் கனகமணி. பிறகு வேம்பின் நிழல் அவர்மேல் படுகிறதா என்று பார்த்தாள். படவில்லை.