பிரேக்குக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, ஈப்போவிலிருந்து கோலா கங்சாருக்கு லட்டு ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிரமிளாவுக்கு முதல் சிக்னலிலேயே கோபம் தலைக்கேறியது. பிரேக்கில் கால் பட்டதுமே வேனின் பின்சக்கரங்கள் வெடுக்கென்று பிடித்துக்கொண்டன. லட்டுத் தட்டுகள் எகிறின. அடுத்த சிக்னலிலும் அதே கதை. கூடவே கோயில் வாசனை வேறு.

வண்டியை ஓரங்கட்டினாள். "நேத்து பின் பிரேக்கக் கழட்டி என்ன பண்ணீங்க?"

"சுத்தமா தொடச்சுதான் மாட்டுனேன்லா," என்றான் பக்கத்தில் இருந்த கணவன் தனேஸ்வரன்.

சக்கரத்தையும் டிரம்மையும் கழற்ற வைத்தாள். உள்ளே பிரேக் கட்டைகளில், சரியாக உரசுகிற இடமாகப் பார்த்து, பன்னீரில் குழைத்த சந்தனம் பிசுபிசுவென்று அப்பியிருந்தது. நடுவில் குங்குமம்.

"உசிரக் காப்பாத்துறதே அதுதானே பிரமி. ஸ்டியரிங்குக்கு மட்டும் வச்சா நல்லாவா இருக்கு?"

திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு பக்கமும் கட்டைகளைக் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார்கள். ஓட்டிப் பார்த்தாள், வண்டி பூப்போல நின்றது.

விரலில் ஒட்டியிருந்த பிரேக் கரியை அவன் கன்னத்தில் அழுத்தி வைத்தாள்.

"திருஷ்டிப் பொட்டு. இம்புட்டு பக்திக்குக் கண்ணு பட்டுரும்."