மூலைக் கட்டத்தில் ஒட்டிக்கொண்ட விரல்கள்

"மேடம், உங்க கம்ப்ளைன்ட் நேத்தே க்ளோஸ் ஆயிடுச்சு" என்று போனில் கேபிள் ஆபீஸ் பெண் சொன்னதும் அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"க்ளோஸா? படம் இன்னும் சோப்புத் தண்ணியில பாக்கற மாதிரி கலங்கித்தான் தெரியுது. யாரு க்ளோஸ் பண்ணது?"

"கஸ்டமர் நம்பருக்கு மூணு தடவை கால் பண்ணோம் மேடம். எடுக்கலைன்னா பிரச்சனை தீந்துடுச்சுன்னு சிஸ்டம் எடுத்துக்கும்."

"அவனுக்குக் காது கேக்காதும்மா! பொறந்ததுலேர்ந்து கேக்காது. மூணு என்ன, முந்நூறு தடவை அடிச்சாலும் எடுக்க மாட்டான். என் நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு போன தடவையே தொண்டை வத்தக் கத்தினேனே?"

"நம்பர் மாத்தணும்னா கஸ்டமரே பேசி கன்ஃபார்ம் பண்ணணும் மேடம்."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிடம் முறைத்தாள். வீசி எறிந்தால் உடையப்போவது தன் போன்தான் என்பதால் எறியவில்லை.

"நல்லாக் கேட்டுக்கோ. பன்னெண்டு மணிக்குள்ள ஆள் வரலைன்னா, டிவியையும் அவனையும் தூக்கிட்டு உங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காருவேன். அங்க வச்சு அவன்கிட்டயே பேசி கன்ஃபார்ம் பண்ணிக்கங்க."

கஸ்டமர் என்பது அவளுடைய தம்பி. நாற்பத்தொரு வயது. அச்சகத்தில், அடித்து வரும் தாள்களில் நிறம் மயிரிழை விலகியிருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. அவனுக்கென்று டிவியில் ஒரே ஒரு நிகழ்ச்சிதான் உண்டு. தினமும் மதியம் ஒரு மணிச் செய்தி. அதில் கீழே ஒரு மூலையில் சின்னக் கட்டம், அதற்குள் ஒருவர் நின்று செய்தியைக் கைமொழியில் சொல்வார்.

மற்றபடி உலக நடப்பு எல்லாம் அக்கா சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். அக்காவுக்கோ ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் வேலை, வீட்டு வேலை, கழுத்து வரைக்கும். 'என்ன பேசறாங்க?' என்று அவன் கையால் கேட்டால், பாதி நேரம் கையை ஒரு வீசு வீசுவாள். ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன் என்று அர்த்தம். அந்த அப்புறம் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அதனால்தான் அவன் தன் சம்பளத்தில், தன் பேரிலேயே, பெரிய டிவியும் எச்டி கேபிளும் வாங்கினான். பழைய டிவியில் அந்தக் கட்டம் தீப்பெட்டி அளவு. புதியதில் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகிவிட்டது. ஆனால் விரல்கள் ஐந்தும் ஒட்டிப்போய், உறை மாட்டிய கை ஆடுவது போலத்தான் தெரிந்தது. கைமொழியில் விரல் தெரியவில்லை என்றால், பேச்சில் பாதி எழுத்தை முழுங்கின மாதிரி. பன்னிரண்டு நாளாக இந்தக் கூத்து.

இன்றைக்குப் போய் இப்படியா? அவனோடு பள்ளியில் நாலு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண் ஒருத்தி, எல்லோரும் வாலு என்று கூப்பிடுவார்களாம், இன்று முதல் முறையாக அந்தக் கட்டத்துக்குள் வரப்போகிறாள். தம்பி அரை நாள் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

பன்னிரண்டு இருபதுக்குத்தான் கேபிள்காரர் வந்தார். அன்றைக்கு இணைப்புக் கொடுத்தவரும் இவர்தான், வருவது இது மூன்றாவது தடவை. நேராக டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்தார். எதையோ திருகினார். சத்தத்தைக் கூட்டச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒரு கட் இல்ல பாருங்க. லைன் பக்கா."

"படத்தைப் பாருங்க சார்."

"மழை நேரத்துல கொஞ்சம் இப்படித்தான் மேடம்."

"வெளியில வெயில் மண்டையைப் பொளக்குது. எந்த ஊர் மழை?"

"பெரிய டிவி மேடம். கிட்ட உக்காந்தா மங்கலாத்தான் இருக்கும். சாரைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க."

"எவ்வளவு தள்ளி? தெருமுனைக்கா?"

அக்கா ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தை அடியோடு நிறுத்தினாள். வேலை விட்டு வந்து பார்ப்பதற்காகத் தம்பி செட்டாப் பாக்ஸில் பதிவு பண்ணி வைத்திருந்த நேற்றைய செய்தியைப் போட்டு, நடுவில் நிறுத்தினாள்.

"இப்பச் சொல்லுங்க. காதைக் கழட்டி வாசல்ல வச்சுட்டு வந்த மாதிரி பாத்துச் சொல்லுங்க. அந்தக் கட்டத்துல இருக்கறவர் எத்தனை விரல் காட்டறார்?"

கேபிள்காரர் குனிந்தார். டிவி மேல் மூக்கு இடிக்கிற அளவுக்குப் போனார்.

"ரெண்டா... நாலா... தெரியலையே மேடம்."

"அவனுக்கும் தெரியல! பன்னெண்டு நாளா வேற என்னத்தைச் சொல்றோம் நாங்க?"

அதுவரை உட்கார்ந்திருந்த தம்பி எழுந்தான். கேபிள்காரரின் தோளைத் தட்டி ஒதுக்கிவிட்டு, செட்டாப் பாக்ஸைத் திருப்பினான். பின்பக்கம் காலியாக இருந்த ஒரு தட்டையான ஓட்டையில் விரலை வைத்தான். டிவியின் பின்னாலும் அதே மாதிரி ஓட்டை, அதிலும் விரலை வைத்தான். பிறகு, மாட்டியிருந்த சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரைப் பிடித்து ஆட்டிக் காட்டி, இது இல்லை என்று தலையை அசைத்தான்.

கேபிள்காரர் முகம் செத்துப்போயிற்று. "அடடா. பழைய டிவில இருந்த மூணு கலர் ஒயரையே சொருகிட்டுப் போயிருக்கேன். அதுல சவுண்டு நல்லா வரும் மேடம். எச்டி படம் வராது. பாக்ஸோட ஒரு புது ஒயர் வந்திருக்கும், கறுப்பா..."

"மூணு தடவை வந்தீங்களே, மூணு தடவையும் காதாலதான் படம் பாத்தீங்களா? அவன் பேச மாட்டான்னு அவன் முகத்தைக்கூட ஒருத்தரும்..."

தம்பி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். அவன் கைகள் வேகமாக அசைந்தன. முகம் சிவந்திருந்தது. முதல் நாளே. உன்கிட்ட. காட்டினேன்.

அக்காவுக்கு இணைப்புக் கொடுத்த அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் அவள் போனில் இருந்தாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத கறுப்பு ஒயரோடு அவன் வந்து புடவையை இழுத்தான். அவள் கையை ஒரு வீசு வீசினாள். ஒண்ணுமில்ல, அவங்களுக்குத் தெரியும். நீ எதையும் தொடாதே என்று காட்டிவிட்டு, ஒயரை வாங்கி அட்டைப்பெட்டிக்குள் போட்டு, பெட்டியை அலமாரி மேல் தூக்கி வைத்ததும் அவள்தான்.

ஸ்டூல் போட்டு ஏறி அவளே எடுத்துக் கொடுத்தாள். உறை அப்படியே இருந்தது.

கேபிள்காரர் ஒயரை மாற்றி, டிவியில் எதையோ தேர்ந்தெடுத்ததும், கட்டத்துக்குள் விரல் விரலாகப் பிரிந்தது. நகம் தெரிந்தது. மோதிரம் தெரிந்தது. காட்டியிருந்தது மூன்று விரல்.

ஒரு மணிக்கு வாலு வந்தாள். தம்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அக்காவுக்குத் தெரிந்தது வீட்டுக் கைமொழிதான், இந்த வேகம் அவளுக்குப் பிடிபடவில்லை. செய்தி முடிகிற இடத்தில் வாலு புருவத்தைத் தூக்கி, ஏதோ ஒன்றைச் சட்டென்று காட்டினாள். தம்பி தொடையில் அடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"என்ன மேடம் சொன்னாங்க?" என்றார் கேபிள்காரர், போகாமல் நின்று.

அக்கா தம்பியின் தோளைத் தொட்டுக் கேட்டாள். என்ன சொன்னா?

அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் ஒரு வீசு வீசினான்.

ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்.