மூன்றாவது தட்டு

"பின்வாசல் வழியா கொண்டு போங்க" என்று மார்கிதா சொன்னதும், சவப்பெட்டியைத் தூக்கியிருந்த நால்வரும் கூடத்தின் நடுவே நின்றுவிட்டார்கள்.

பெட்டியில் இருந்தவர் அவள் கணவர் மத்தூஷ். குன்றின்மேல் இடிந்து கிடக்கும் கோட்டைக்குக் காவல்காரராயிருந்தவர். மகள் பிளாஷெனா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். நேற்றிலிருந்தே அம்மாவின் கண் முன்வாசற்படியிலேயே இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களைக்கூட "மிதிக்காதீங்க, தாண்டி வாங்க" என்றாள். துக்கத்துக்கு இப்படியொரு குணம் உண்டா என்ன?

"பின்வாசல்ல போறதுக்கு அவர் என்ன பன்னியா?" என்றாள் அண்டைவீட்டு ஹெர்மினா, பிளம் சாராயக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே. "பெட்டியை முன்படியில மூணு தட்டு தட்டி விடை வாங்கணும். இல்லேன்னா விடைபெறாத மனுஷன் ராத்திரி திரும்பி வருவார். எனக்குல்ல தூக்கம் கெடும்!"

கோட்டை எரிந்த காலத்திலிருந்தே ஊரார் அதன் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டவர்கள். அங்கே பன்றிக்கொட்டிலுக்குக்கூடப் பிரபு வம்சம். மிஞ்சியது கோட்டைவாசல் வளைவிலிருந்த, சிங்கம் செதுக்கிய கல் ஒன்றுதான். ஒரு குளிர்காலத்தில் அதுவும் காணாமல் போனது. கொத்தனார் சிரில்தான் திருடினார் என்று மத்தூஷ் சொன்னார். காவல்காரரே சொன்னால் ஊர் நம்பாதா? அதன்பிறகு தேவாலய வாசலில்கூட சிரிலிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று நாலாவது தோள் கிடைக்காமல் அவரையே கூப்பிடும்படி ஆயிற்று. பெட்டியின் தலைமாட்டை அவர்தான் தாங்கியிருந்தார்.

அப்பாவின் நேர்மையை வைத்துத்தான் பிளாஷெனா ஊரில் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறாள். அம்மா படியைக் காக்கிற விதத்தைப் பார்த்தால், அதில் ஓட்டை இருக்குமோ? தெரியாமல் இருப்பதற்கும் மனமில்லை.

"முன்வாசல் வழியாவே போகட்டும்" என்றாள்.

"வேணாம்டி..."

பெட்டியை முன்படியில் இறக்கித் தட்டினார்கள். இரண்டாம் தட்டில், படியை மூடியிருந்த பலகை பிளந்து எகிறியது. கீழே, பிடரியும் ஒற்றைக் கண்ணுமாகச் சிங்கம் அண்ணாந்து கிடந்தது.

"பத்திரமா இருக்கட்டும்னுதான் கொண்டு வந்தார்" என்றாள் மார்கிதா, தரையைப் பார்த்து. "ஊர் கேட்டப்போ உண்மை வாயில வரல. ஆனா அதை முகம் கவுத்து வெறும் படிக்கல்லாப் போட மனசு வரல அவருக்கு. அதான் மேல பலகை."

"பத்திரமாத்தான் இருந்திருக்கு" என்றாள் ஹெர்மினா.

எல்லாரும் சிரிலைப் பார்த்தார்கள். பெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார் என்றுதான் பிளாஷெனா நினைத்தாள். போனால் கேட்க யாருக்கு வாய் இருக்கிறது?

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றார் அவர்.

சிங்கத்தின் மூக்கில் படாமல், கல்லின் ஓரத்தில் பெட்டியை மெல்ல ஒற்றி எடுத்தார்கள்.

கல்லறைக்கு ஏறும் பாதையில் மழை பிடித்துக்கொண்டது. பிளாஷெனா அம்மாவுக்குக் குடை பிடித்தபடி பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். பாதி வழியில் இரண்டெட்டு முன்னே போய், குடையைச் சிரிலின் தலைக்குமேல் நீட்டினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா நனைந்துகொண்டே பின்னால் வந்தாள்.